டிக்கெட் 499 ரூபாய், வீடு திரும்ப 900 ரூபாய்: ஆவடி பக்கத்து ரசிகர்களுக்கு ஒரு கணக்கு



நம்ம சேனல் பார்க்கிற இளைஞர்கள்கிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது. "அண்ணா, எனக்குப் பிடிச்ச பேண்ட் சென்னைல லைவா வாசிக்கிறாங்க. போய்ட்டு வந்தா ஆயிரத்து ஐந்நூறு ரூபா ஆகும். போகலாமா, இல்ல அந்தக் காசை எஸ்ஐபி-ல போட்டுடலாமா?"

கேட்கிறவங்க பெரும்பாலும் அம்பத்தூர் எஸ்டேட்லயோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கமோ வேலை பார்க்கிறவங்க. மாசம் இருபதாயிரம், முப்பதாயிரம் சம்பளம். வீட்டுல "பாட்டு கேக்க ஆயிரம் ரூபாயா? அதான் போன்ல ஓசில வருதே"ன்னு ஒரு குரல் வேற. ஆடிட்டர்ங்கிறதால நானும் அதையேதான் சொல்வேன்னு எதிர்பார்க்கிறாங்க.

என் பதில் வேற. தாராளமா போங்க. ஆனா டிக்கெட்டுக்கு மட்டும் கணக்குப் போடாம, அந்த நாள் முழுசுக்கும் கணக்குப் போட்டுட்டுப் போங்க. ஏன்னு சொல்றேன்.

எஸ்ஐபி கணக்கு பொய் இல்ல, ஆனா முழுசும் இல்ல

ரூ.1,500-ஐ வருஷம் 12% வளர்ச்சியில 20 வருஷம் விட்டா ஏறக்குறைய ரூ.14,500 ஆகும். இதைச் சொல்லித்தான் நிறைய பேர் பயமுறுத்துறாங்க. அந்த 20 வருஷத்துல விலைவாசியும் ஏறும்ல? 6% பணவீக்கம்னு வச்சுக்கிட்டா, அந்த 14,500-ஓட இன்னைய மதிப்பு சுமார் ரூ.4,500 தான். அதுவும் 12% வளர்ச்சி கிடைச்சாத்தான்.

நல்ல லாபம்தான், மறுக்கல. ஆனா இதே கணக்கைப் பார்த்தா பிரியாணி சாப்பிடக் கூடாது, தங்கச்சிக்குப் பொறந்தநாள் டிரெஸ் எடுக்கக் கூடாது. மாசாமாசம் சேமிப்பை முதல்ல எடுத்து வச்சுட்டு, மிச்சத்துல செலவு பண்றவங்களுக்கு இந்தக் குற்ற உணர்ச்சியே தேவையில்லை. எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாம, கிரெடிட் கார்டு பாக்கியோட இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் என் பதில் "இந்தத் தடவை வேண்டாம்".

இன்னொண்ணும் இருக்கு. ஃபண்டை அடுத்த மாசமும் வாங்கலாம். ஒரு பேண்டோட ஆரம்ப கால மேடையைத் திரும்ப வாங்க முடியாது.

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. கீழ்ப்பாக்கம் சிஎஸ்ஐ பெயின் பள்ளி மைதானத்துல 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் தடவையா மேடை ஏறினாங்க. இயக்குநர் பா.ரஞ்சித்தோட நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவோட மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கின 19 பேர் கொண்ட குழு. அயோத்திதாசப் பண்டிதரோட 'சாதியற்ற தமிழர்'ங்கிற சிந்தனையில இருந்து வந்த பேரு. கானா, பறை, ராக் கிட்டார், ராப் எல்லாம் ஒரே மேடையில. அனுமதி இலவசம்!

பூந்தமல்லியில இருந்து கிளம்பியிருந்தா பூந்தமல்லி நெடுஞ்சாலையிலயே நேரா வந்து கீழ்ப்பாக்கத்துல இறங்கியிருக்கலாம். மொத்தச் செலவே பஸ் டிக்கெட்டும் டீயும்தான். அந்தக் குழுவுல பாடின இசைவாணி 2020-ல பிபிசியோட 100 பெண்கள் பட்டியல்ல இடம்பிடிச்சாங்க. அதே குழுவுல ராப் பண்ண அறிவு, நம்ம லைன்லயே அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் தாண்டிப் போனா வர்ற அரக்கோணத்துக்காரர். அவர் பேரு அப்புறம் எந்த அளவுக்குப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். அன்னைக்கு அந்த மைதானத்துல நின்னவங்களுக்குக் கிடைச்சதை இன்னைக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

நீங்க கொடுக்கிற காசு எங்க போகுது?

இப்ப உண்மையான கணக்குக்கு வருவோம். ஆவடியில இருக்கிற ஒருத்தர் நந்தனத்துல நடக்கிற ஷோவுக்குப் போறார்னு வச்சுக்குவோம். இது உதாரணத்துக்குத்தான், உங்க தொகைகளை நீங்க மாத்திப் போட்டுக்குங்க.

டிக்கெட் ரூ.499. புக்கிங் கட்டணம் ரூ.40, அதுக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்து சுமார் ரூ.47. போறதுக்கு லோக்கல் ரயில், மெட்ரோ சேர்த்து ரூ.60. சாப்பாடு, தண்ணி ரூ.250. ராத்திரி திரும்பி வர டாக்ஸி ரூ.900. மொத்தம் ரூ.1,756.

கவனிச்சீங்களா? ராத்திரி முழுக்க வாசிச்சவங்களுக்கான டிக்கெட்டைவிட, ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினதுக்குக் கொடுத்தது அதிகம். டாக்ஸி டிரைவர் மேல தப்பு இல்ல, அவருக்கும் பெட்ரோல், கமிஷன் எல்லாம் இருக்கு. பிரச்சனை என்னன்னா, சென்னையில பெரிய ஷோக்கள் நந்தனம், வேளச்சேரி, ஈசிஆர்னு தெற்குப் பக்கமாவே நடக்குது. நாம வடமேற்குல இருக்கோம். பனையூர்ல இருந்து ஆவடி சுமார் 40 கிலோமீட்டர். நம்ம பக்கத்து ரசிகருக்கு டிக்கெட் விலையைவிட தூரம்தான் பெரிய செலவு.

ஆனா வழி இருக்கு. திறந்தவெளியில ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு ஒலி மாசு விதிகள் சொல்லுது, சிறப்பு அனுமதி இருந்தாலொழிய. அதனால மைதான ஷோ பெரும்பாலும் 10 மணியை ஒட்டி முடிஞ்சிடும். மெட்ரோ 11 மணி வரை இருக்கு. நந்தனத்துல ஏறினா நேரா சென்ட்ரல், அங்கிருந்து ஆவடி லோக்கல். அந்த லோக்கல் டிக்கெட் ஒரு டீ காசுக்குள்ள முடிஞ்சிடும். கடைசி லோக்கல் எத்தனை மணிக்குன்னு அன்னைக்குக் காலையிலயே பார்த்து வச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமைன்னா ரயில் குறைவு, கூடுதல் கவனம் வேணும்.

பூந்தமல்லிக்காரங்களுக்கு லோக்கல் ரயில் கிடையாது. ஆலந்தூர்ல மாறி மெட்ரோவுல கோயம்பேடு வரைக்கும் வந்துட்டா, மிச்ச தூரத்துக்கு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பார்க்கலாம். நாலு பேரா போனா 900 ரூபா டாக்ஸியும் ஆளுக்கு ரூ.225 தான். தனியா திரும்பி வர்ற பெண்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான்: இந்த இடத்துல சிக்கனம் பார்க்காதீங்க. டாக்ஸி காசை டிக்கெட் விலையோட சேர்த்தே எண்ணுங்க, கட்டுப்படியாச்சுன்னா போங்க.

ரயில்லயே திரும்பினா மொத்தச் செலவு ரூ.916. மிச்சம் ரூ.840. இந்த 840-ஐ வச்சு என்ன பண்ணலாம்னு கொஞ்சம் கழிச்சு சொல்றேன்.

டிக்கெட் வாங்கும்போது ஒரு வரி விஷயம். இசை நிகழ்ச்சிக்கு ஒரு ஆளுக்கு ரூ.500 வரைக்கும் அனுமதிக் கட்டணம்னா ஜிஎஸ்டி விலக்கு இருக்கு. அதைத் தாண்டினா 18%. அதனால 499 ரூபா டிக்கெட் 499 தான், 599 ரூபா டிக்கெட் வரியோட ரூ.706.82 ஆகலாம். பார்க்க 100 ரூபா வித்தியாசம், கையில இருந்து போறது 208. விலை வரியோட சேர்த்தா, தனியான்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடி பாருங்க. ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்ன அமைப்பாளர் உங்ககிட்ட ஜிஎஸ்டி வாங்கவும் கூடாது. பில்லுல ஜிஎஸ்டி எண் இருக்கான்னு ஒரு பார்வை போதும்.

பேண்ட் பக்கத்துக் கணக்கு

"நான்தான் தினமும் ஆப்ல அவங்க பாட்டைக் கேக்கிறேனே, அதுல காசு போகுமே"ன்னு நினைக்கலாம். போகும், பைசா கணக்குல. நீங்க கட்டுற சந்தா நேரா நீங்க கேட்ட பேண்டுக்குப் போறதில்லை. பெரும்பாலான ஆப்கள்ல எல்லாரோட பணமும் ஒரே குடத்துல விழுது, மொத்தமா யார் பாட்டு அதிகம் ஓடுச்சோ அந்த விகிதத்துல பிரியுது. ஸ்பாட்டிஃபைல 2024-ல இருந்து, கடந்த 12 மாசத்துல 1,000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது.

ஓடினாலும் நிச்சயம் இல்லை. 2021 மார்ச்ல வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடின பாட்டு. அதுல தனக்கும், அறிவுக்கும், தீக்கும் ஒரு ரூபாகூட வருமானம் வரலைன்னு 2024 மார்ச்ல சந்தோஷ் நாராயணனே வீடியோ போட்டுச் சொன்னார். அவ்வளவு பெரிய பாட்டுக்கே இந்தக் கதைன்னா, நம்ம ஊரு அஞ்சு பசங்க பேண்டுக்கு ஆப்ல இருந்து என்ன வந்துடும்?

அதனாலதான் லைவ் ஷோ முக்கியம். ஒரு சின்ன அரங்குல 5 பேர் பேண்டுக்கு அமைப்பாளர் ரூ.60,000 பேசியிருக்கார்னு வைங்க. ஒரு நிதியாண்டுல ரூ.50,000-க்கு மேல போற தொழில்முறைக் கட்டணத்துக்கு 10% டிடிஎஸ் பிடிக்கணும். ரூ.6,000 போக 54,000. சவுண்ட் இன்ஜினியருக்கு 8,000. ஒத்திகைக்கு ஸ்டுடியோ வாடகை, நாலு நாள், நாளுக்கு மூணு மணி நேரம், மணிக்கு 500-ன்னா 6,000. டிரம்ஸ், ஆம்ப் எல்லாம் ஏத்திட்டுப் போக வேன் 5,000. மிச்சம் 35,000. ஆளுக்கு ரூ.7,000. இதே தொகையில 19 பேர் குழுன்னா ஆளுக்கு ரூ.1,842. ஒரு மாச உழைப்புக்கு!

பேண்ட்ல இருக்கிற தம்பி தங்கச்சிகள் யாராவது இதைப் படிச்சா ஒண்ணு சொல்லிடறேன். அந்த 6,000 டிடிஎஸ் உங்க காசு. உங்க மொத்த வருமானத்துக்கு வரியே வராதுன்னா, ரிட்டர்ன் தாக்கல் பண்ணாத்தான் அது திரும்ப வரும். "நமக்கெதுக்குங்க ரிட்டர்ன்"னு விட்டுடற கலைஞர்கள் நிறைய பேர். பான் எண் கொடுக்கலைன்னா 20% பிடிப்பாங்க, அதையும் மறக்காதீங்க. சொந்தப் பாட்டு எழுதி இசையமைக்கிறவங்க ஐபிஆர்எஸ் அமைப்புல உறுப்பினராச் சேர்ந்து வைங்க.

ரசிகருக்கு வருவோம். ரயில்ல வந்து மிச்சம் பிடிச்ச 840 ஞாபகம் இருக்கா? ஷோ முடிஞ்சதும் ஓரமா மேசை போட்டு பேண்டே டி-ஷர்ட், சிடி விக்கும். ஒரு 600 ரூபா டி-ஷர்ட் வாங்கினா, துணி, பிரிண்ட் செலவு போக மிச்சம் நேரா பேண்டுக்கு. நடுவுல ஆப், கமிஷன் எதுவும் கிடையாது. நீங்க வருஷக்கணக்கா கேட்டு அனுப்பற பைசாவைவிட அந்த ஒரு டி-ஷர்ட்ல போற காசு அதிகமா இருக்க வாய்ப்பு ரொம்பவே உண்டு.

இதெல்லாம் வேண்டாம்

டிக்கெட்டை இஎம்ஐ-லயோ, 'அப்புறம் கட்டலாம்' ஆப்லயோ வாங்காதீங்க. மூணு மணி நேர சந்தோஷத்துக்கு ஆறு மாசத் தவணை ஆகாது. கார்டுல வாங்கி முழுசா கட்டாம விட்டா, பல கார்டுகள்ல மாசத்துக்கே 3.5% அளவுல வட்டி ஓடும்.

பிளாக்ல வாங்காதீங்க. 2025 ஜனவரியில நவி மும்பையில நடந்த கோல்ட்ப்ளே ஷோவுக்கு அசல் விலை ரூ.2,500-ல இருந்து ரூ.35,000 வரைக்கும். மறுவிற்பனையில லட்சக்கணக்குல சொன்னாங்க. டிக்கெட் போலியா இருந்தா வாசல்லயே நிறுத்திடுவாங்க, காசும் திரும்ப வராது.

டிக்கெட், பணம் கட்டின ரசீது, மெசேஜ் எதையும் ஷோ முடியற வரைக்கும் அழிக்காதீங்க. 2023 செப்டம்பர் 10-ம் தேதி ஈசிஆர்ல நடந்த ஏ.ஆர்.ரஹ்மானோட 'மறக்குமா நெஞ்சம்' ஞாபகம் இருக்கும். கையில டிக்கெட் வச்சிருந்தும் கூட்டத்துல உள்ளேயே போக முடியாம எத்தனை பேர் திரும்பினாங்க! டிக்கெட் நகலையும் குறைகளையும் அனுப்பச் சொல்லி ரஹ்மானே கேட்டுக்கிட்டார். நகல் வச்சிருந்தாத்தானே அனுப்ப முடியும்? அமைப்பாளர் பதில் சொல்லலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

என்ன செய்யலாம்?

மாசம் ரூ.500 தனியா ஒரு ஆர்.டி. போடுங்க. பேரு 'கச்சேரி ஃபண்ட்'. வருஷத்துக்கு 6,000. மேல சொன்ன 916 கணக்குப்படி நாலு ஷோ, ரெண்டு டி-ஷர்ட் போகவும் ஆயிரத்துக்கு மேல கையில நிக்கும். சம்பளத்துல இருந்து திடீர்னு பிடுங்கவும் வேண்டாம், வீட்டுல பொய் சொல்லவும் வேண்டாம். இலவசமா கிடைக்கிறதையும் விடாதீங்க. நீலம் 2020-ல இருந்து நடத்தற 'மார்கழியில் மக்களிசை' மாதிரி நிகழ்ச்சி அறிவிப்பு வந்தா தேதியைக் குறிச்சு வைங்க.

கடைசியா நம்ம பக்கத்து ஆட்களுக்கு ஒரு ஆசை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல இருந்து இருக்கு. ஷிஃப்ட் முடிச்சு வர்ற இளைஞர்கள் அத்தனை பேர் இங்க இருக்காங்க. ஆடி மாசம் அம்மன் கோயில் திருவிழான்னா தெருவே வசூல் பண்ணி மேடை போட்டு மெல்லிசைக் கச்சேரி நடத்துற ஊர்தான் இது. 200 பேர் ஆளுக்கு 499 கொடுத்தா ரூ.99,800. ஒரு சின்ன பேண்டையும், சவுண்டையும், ஒரு கல்யாண மண்டபத்தையும் ஏற்பாடு பண்ண முயற்சி பண்ணிப் பார்க்கக்கூடிய தொகைதான். யாராவது ஆரம்பிங்க. வரவு செலவுக் கணக்கை நான் இலவசமா பார்த்துத் தர்றேன்.

ஏன்னா அந்த 900 ரூபா டாக்ஸி காசு இந்தப் பக்கமே நின்னு, வாசிக்கிறவங்க கைக்குப் போகணும்.