பின்மூடியைக் கழற்றுமுன்

கொழும்பில் நீதிமன்றங்களால் பேர்பெற்ற புதுக்கடைக்கும் பழைய படக்குழாய் ரீவிகள் திருத்த வருகின்றன. 1982இல் ரூபவாஹினி தொடங்கிய பின் வீடுவீடாக நுழைந்த பெட்டிகளின் வழித்தோன்றல்கள் அவை, காப்பாற்றத் தகுந்தவை. ஆனால் படம் வராவிட்டால் உடனே உயர் அழுத்தம் தரும் மின்மாற்றியான 'ஃப்ளைபேக் போய்விட்டது' என்று தீர்ப்புச் சொல்வது பிழை. முதலில் அதற்கு ஊட்டும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். பல வண்ணப் பெட்டிகளில் அது 100 வோல்ட்டுக்குச் சற்று மேல். அது சரியென்றால் ஹொரிசொன்டல் டிரான்சிஸ்டர். பிறகு அதனருகே 1,600 வோல்ட் தாங்கும் சிறு கண்டென்சர். இதன் கொள்ளளவு குறைந்தால் உயர் அழுத்தம் எகிறும்; காப்புச் சுற்று உள்ள பெட்டி தானாகவே நின்றுவிடும். அந்தக் காப்பை வெட்டிவிட்டு ஓடவிடுவது மன்னிக்க முடியாத வேலை: அழுத்தம் அளவு மீறினால் குழாயிலிருந்து எக்ஸ்-கதிர் கசியும், பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பிள்ளைகள். வண்ணக் குழாயில் வழமையாக 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைக் கழற்றிய பின்னும் கண்ணாடி அந்த மின்னேற்றத்தைப் பிடித்துவைத்திருக்கும். தொழில் பழக வரும் தம்பிமாரே, குழாயின் வெளிப்பூச்சைத் தொடும் பின்னல் கம்பியோடு இணைத்து, தடையி வழியாக அதை இறக்காமல் உயர் அழுத்தக் கம்பி குழாயில் சேரும் இடத்திலுள்ள இறப்பர் மூடிக்குக் கிட்டக் கை கொண்டுபோகாதீர்கள்.