படத்தில் கைகள் இருக்கின்றன, பெயர்கள் எங்கே?

கடந்த தொழிலாளர் தினத்தன்று எங்கள் குடும்பப் புலனக் குழுவுக்கு ஒரு வாழ்த்துப் படம் வந்தது. பால்மரக் காட்டில் ஒரு பெண் மரம் சீவுகிறார். பின்னால் பொன்னிறச் சூரியன். முகத்தில் புன்னகை. குழுவில் இருந்த எல்லாரும் கைகூப்பும் சின்னத்தைப் போட்டுவிட்டார்கள். நானும் போட்டேன். பிறகு அந்தப் படத்தைப் பாட்டியிடம் காட்டினேன். பேராக்கில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர்.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "மங்கு மேல இருக்கு, வெட்டு கீழ இருக்கு. பால் மேல ஏறியா போவும்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "இம்புட்டு வெயில்ல எவ மரம் வெட்டுவா கண்ணு?" என்றார்.

அது செயற்கை நுண்ணறிவு வரைந்த படம். பாட்டி அதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. குழுவில் இருந்த பட்டதாரிகள் யாருக்கும் அது தெரியவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகளாகிய எங்களுக்கே இந்த நிலை என்றால், இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து இத்தகைய படங்களைப் பார்த்து "இது தவறு" என்று சொல்ல யார் இருப்பார்கள்?

பொய்ப் படங்களைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். அரசியல்வாதியின் போலிக் காணொளி, பிரபலங்களின் போலிப் படம் என்று பேச்சு நீள்கிறது. ஆனால் வேலையைக் காட்டும் படங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆலை, வயல், தோட்டம், கைவினைக் கூடம் ஆகிய இடங்களில் வேலை எப்படி நடந்தது என்பதற்கு எஞ்சியிருக்கும் சாட்சிகளில் புகைப்படம் முக்கியமானது. அந்தச் சாட்சியை நம்பலாமா என்பது இயந்திரம் படம் வரையத் தொடங்கிய பிறகு வந்த கேள்வி அல்ல. நூறு ஆண்டுகளுக்கு மேலாகவே அது இருக்கிறது.

ஒரு நொடியில் அடங்காத வேலை

பால் வெட்டையே எடுத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்பே ஏன் காட்டுக்குப் போகிறார்கள்? வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும். அப்போதுதான் பால் நன்றாக ஓடும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து சரிய வேண்டும். பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால், இப்படி வெட்டினால் அதிகக் குழாய்கள் திறக்கும். பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கும் வளரும் படலத்தைக் கத்தி தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் பட்டை மறுபடி சீராக வளராது.

மரத்தைக் கொல்லாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையைச் சோதித்து நிறுவியவர் ஹென்றி ரிட்லி. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றவர். அந்த முறையை ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான மரங்களில் நிறைவேற்றியவை நம் முன்னோர்களின் கைகள். வெட்டிய பிறகு மங்கில் பால் சேர வேண்டும். வாளியில் எடுத்து ஸ்டோருக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே வடிகட்டி, அமிலம் கலந்து உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகைக்கூண்டில் உலர்த்துவார்கள்.

ஒரு புகைப்படம் இந்த வரிசையில் ஒரு நொடியை மட்டுமே பிடிக்கிறது. பழைய தோட்டப் படங்களில் பெரும்பாலும் அந்த நொடியும் ஏற்பாடு செய்யப்பட்டதுதான். மர நிழலில் படம் எடுக்க அக்காலக் கேமராவுக்கு வெளிச்சமும் அசையாத உடலும் தேவைப்பட்டன. அதனால் இருட்டில் தொடங்கும் வேலை, படத்தில் பட்டப்பகலில் நடக்கிறது. அரை நிமிடத்தில் அடுத்த மரத்துக்கு நகர வேண்டிய பெண், கத்தியை மரத்தில் வைத்தபடி சிலைபோல் நிற்கிறார். வாழ்த்துப் படத்தில் பாட்டி பிடித்த இரண்டாவது தவறை மனிதப் புகைப்படக்காரரும் செய்திருக்கிறார்.

யாருக்காக எடுத்த படம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் இயங்கிய ஜி.ஆர். லேம்பர்ட் நிறுவனமும், 1907 வாக்கில் மலாயா தீபகற்பத்தைப் படமாக்கிய கிளைன்குரோத்தும் இன்று வரலாற்று நூல்களில் நாம் காணும் பல படங்களை எடுத்தவர்கள். அவர்களுடைய வேலைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் அத்தகைய படங்களை வாங்கியவர்கள் யார்? தோட்ட முதலாளிகள், பயணிகள், அஞ்சலட்டை சேகரிப்பவர்கள். அவர்களுக்கு வேண்டியது செழிப்பான தோட்டமும் ஒழுங்காக நிற்கும் ஆள்களும். அதனால் அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றின் கீழே "தமிழ்க் கூலிகள்" என்ற இரண்டே சொற்கள்தாம் இருக்கின்றன. எத்தனை ஏக்கர், எத்தனை மரம், எத்தனை ராத்தல் ரப்பர் என்று கணக்கெழுதத் தெரிந்த தோட்ட நிர்வாகங்களுக்கு, படத்தில் நிற்பவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஒருவர் வேறு விதமாக வேலை செய்தார். லூயிஸ் ஹைன் என்ற ஆசிரியர் 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காகப் பஞ்சாலைகள், சுரங்கங்கள், மீன் பதப்படுத்தும் கூடங்கள் என்று அலைந்தார். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் சில இடங்களில் வேறு தொழில் செய்பவர்போல் நடித்து நுழைந்தார். படம் எடுத்ததோடு அவர் நிற்கவில்லை. பிள்ளையின் பெயர், வயது, எத்தனை மணி நேர வேலை, என்ன கூலி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். உயரத்தைத் தம் சட்டைப் பொத்தான்களோடு ஒப்பிட்டு மனத்தில் வைத்துக்கொண்டாராம். அந்தக் குழுவின் படங்கள் 5,000க்கும் மேல் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன.

இரண்டு விளைவுகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அந்தப் படங்களை "கட்டுக்கதை" என்று ஆலை முதலாளிகளால் எளிதாகத் தள்ள முடியவில்லை. பெயரும் இடமும் தேதியும் கூடவே இருந்தன. ஆனாலும் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் நிலையான கூட்டரசுச் சட்டம் 1938இல்தான் வந்தது. ஒரு படம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவராது. முப்பது ஆண்டுப் போராட்டத்துக்கு அது ஆதாரமாக நின்றது. இரண்டாவது, பெயர் எழுதப்பட்டிருந்ததால், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தும் அந்தப் பிள்ளைகள் சிலருடைய வாரிசுகளைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. நம் தோட்டப் படங்களுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

அழகான படம் போதுமா?

உழைப்பைப் படமெடுத்தவர்களில் உலகப் புகழ் பெற்ற செபஸ்தியாவோ சல்காடோ 2025 மே 23ஆம் நாள் தம் 81ஆவது வயதில் காலமானார். பிரேசில் நாட்டுக்காரரான அவர் பொருளாதாரம் படித்தவர். அனைத்துலகக் காப்பி அமைப்பில் வேலை செய்துவிட்டு, 1973இல் கேமராவுக்கு மாறினார். 1993இல் வெளிவந்த "தொழிலாளர்கள்" என்ற அவருடைய படநூலில் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கம் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில், கிழக்கு ஜாவாவின் காவா இஜென் எரிமலையில் கந்தகம் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். இயந்திரங்கள் வந்து கைவேலையை விழுங்கும் முன் அதைப் பதிவு செய்துவிட வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

அவருடைய படங்களின் அழகை மறுக்க முடியாது. ஆனால் எழுத்தாளர் சூசன் சொன்டாக், 2003இல் வெளியிட்ட நூலில், புலம்பெயர்ந்தோரைப் பற்றிய சல்காடோவின் படங்கள்மீது ஒரு குறை சொன்னார். படத்தில் இருக்கும் எளியவர்களுக்கு விளக்கக் குறிப்பில் பெயர் இல்லை என்பதே அது. புகழ் பெற்றவர்களுக்குப் படத்தின் கீழ் பெயர் இருக்கும். மற்றவர்கள் தங்கள் தொழிலுக்கோ துயரத்துக்கோ மாதிரியாக மட்டும் நிற்பார்கள். எனக்கு இந்தக் குறை நியாயமாகவே படுகிறது. "தமிழ்க் கூலிகள்" என்று எழுதியவரின் நோக்கமும் சல்காடோவின் நோக்கமும் ஒன்றல்ல. ஆனால் படத்தில் நிற்பவரைப் பொறுத்தவரை, இரண்டிலும் அவர் பெயரற்றவர்தான்.

கேமரா கைமாறும்போது

இன்று தொழிலாளியிடமே கேமரா இருக்கிறது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 2020இல் கோவிட்-19 பரவிய நேரத்தில், ரப்பர் கையுறைக்கு உலகம் முழுவதும் தேவை எகிறியது. அவ்வாண்டு ஜூலையில், கட்டாய உழைப்பு தொடர்பான ஐயத்தின் பேரில், டாப் கிளவ் நிறுவனத்தின் இரு துணை நிறுவனங்களின் கையுறைகளுக்கு அமெரிக்கச் சுங்கத் துறை தடை விதித்தது. நவம்பரில் கிள்ளானில் அந்நிறுவனத்தின் தொழிலாளர்களிடையே தொற்று வேகமாகப் பரவியது; பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை 5,000ஐத் தாண்டியது. தொழிற்சாலையில் ஆள்கள் நெருக்கியடித்து நிற்பதைத் தொற்று வெடிப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே படம் எடுத்த ஒரு நேப்பாளத் தொழிலாளி, அதன் காரணமாக வேலையிழந்தார் என்ற செய்தியை ராய்ட்டர்ஸ் அந்த டிசம்பரில் வெளியிட்டது.

அமெரிக்கத் தடை 2021 செப்டம்பரில் நீங்கியது. அதற்கு முன் தொழிலாளர்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. அந்த ஒரு படத்தால்தான் இவையெல்லாம் நடந்தன என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படம் ஓர் உண்மையைக் காட்டுகிறது. நிறுவனத்தின் விளம்பரப் படத்தில் வராத கோணம் தொழிலாளியின் கைப்பேசியில் இருக்கிறது. அந்தக் கோணத்துக்கு அவர் வேலையையே விலையாகக் கொடுக்க நேரிடலாம்.

இங்கே என் வாதத்தை நானே திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. "படத்தில் இருப்பவரின் பெயரை எழுதுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. பணி ஓய்வு பெற்ற என் பாட்டியின் பெயரை எழுதுவது மரியாதை. கடப்பிதழும் வேலை அனுமதியும் முதலாளியை நம்பியிருக்கும் ஒருவரின் பெயரைக் கேட்காமல் வெளியிடுவது ஆபத்து. பெயரைக் கேட்பது, குறித்துவைப்பது, வெளியிடுவது ஆகிய மூன்றும் தனித்தனிச் செயல்கள். முதலிரண்டுக்குச் சம்மதித்தவர் மூன்றாவதற்கு மறுக்கலாம். அந்த முடிவு அவருடையது.

கைவினைத் துறையில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. மலேசியாவின் சொங்கெட் நெசவு 2021இல் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. இத்தகைய விண்ணப்பத்தோடு படங்களையும் காணொளியையும் மட்டும் கொடுத்தால் போதாது. அந்தக் கலையைச் செய்யும் சமூகம் தானறிந்து சம்மதித்ததற்கான சான்றும் கொடுக்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

தொழில்நுட்பம் ஓரளவு கைகொடுக்கும். லைக்கா நிறுவனம் 2023இல் வெளியிட்ட எம்11-பி கேமரா, படம் எடுக்கும் கணத்திலேயே அதில் மின்முத்திரை பதிக்கிறது. இயந்திரம் வரைந்த படத்தையும் கேமரா எடுத்த படத்தையும் பிரித்தறிய இது உதவும். ஆனால் கேமரா எடுத்த படத்திலும் பொய் இருக்கலாம் என்பதை நூறாண்டுக்கு முந்திய தோட்டப் படங்களே காட்டுகின்றன. கத்தியைப் பிடித்திருப்பவர் உண்மையில் பால் வெட்டுபவரா, படத்துக்காக நிறுத்தப்பட்டவரா என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. வேலை தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் 2015இல் ஒரு குடிமக்கள் திட்டத்தைத் தொடங்கியது. விளக்கம் இல்லாத பழைய படங்களைப் பொதுமக்கள் இணையத்தில் பார்த்து, தங்களுக்குத் தெரிந்ததை எழுதலாம். ஒரு காப்பகமே "எங்களுக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்பது நல்ல தொடக்கம். ஆனால் தோட்டத்தில் வேலை செய்தவர்களில் பலர் அந்த இணையப் பக்கத்துக்கு வரமாட்டார்கள். அவர்களிடம் படத்தைக் கொண்டுபோக வேண்டியவர்கள் நாம்தாம்.

வரலாற்றுப் பாடத்துக்கு ஓர் இடுபணி தேடும் மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு வேலைப் படத்தை எடுங்கள். தோட்டம், செம்பனைக் காடு, ரயில்வே, துறைமுகம், பூக்கடை, தையல் கடை என எதுவாகவும் இருக்கலாம். அந்த வேலையைச் செய்தவரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். இதில் இருப்பவர் யார்? எந்த இடம், எந்த ஆண்டு? வேலையின் எந்தக் கட்டம் இது? இதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கும்? படத்தில் இல்லாதது என்ன? கடைசிக் கேள்விக்குத்தான் நீண்ட பதில் கிடைக்கும்.

நான் பாட்டியிடம் கேட்டேன். வீட்டில் ஒரே ஒரு தோட்டப் படம் இருக்கிறது. ஸ்டோருக்கு முன்னால் ஏழு பெண்கள் வாளியோடு நிற்கிறார்கள். பாட்டிக்கு ஐந்து பெயர்கள் உடனே நினைவுக்கு வந்தன. ஆறாவது பெயர் மறுநாள் காலையில் வந்தது. ஏழாவது பெண்ணின் முகத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தார். "நல்லா வேல செய்வா. பேருதான் வர மாட்டேங்குது" என்றார்.

படத்தின் பின்பக்கத்தில் ஆறு பெயர்களை எழுதி, ஏழாவது இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.