தையல் போட்டாச்சு, வீட்டுக்குப் போங்க!

மணிமங்கலம் என்றால் வரலாறு படித்தவர்களுக்கு ஒரு போர் ஞாபகம் வரும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியன் புலிகேசியைத் தோற்கடித்த களங்களில் ஒன்று. கூரம் செப்பேடு அதைப் பெருமையாகச் சொல்கிறது. ஆனால் அடிபட்டு வீடு திரும்பிய வீரனுக்கு யார் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள், யார் கட்டு மாற்றினார்கள் என்று அதில் ஒரு வரி கிடையாது. வெற்றிக்குத்தான் செப்பேடு!

இன்றைக்கும் அதே கதைதான். இப்போது மணிமங்கலத்திலிருந்து ஓரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் போகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் 48 வயதுக்காரர் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து பைபாஸ் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் வரைக்கும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. 1975ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம்.செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தபோது அது அதிசயம். இன்று காப்பீட்டு அட்டை இருந்தால் ஏழைக்கும் கிடைக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2012ல் வந்தது, 2018ல் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. 2023ல் 'இதயம் காப்போம்' என்று, நெஞ்சுவலி வந்தவுடன் கொடுக்கவேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைத்தார்கள். நல்ல காரியம், பாராட்டத்தான் வேண்டும்.

சரி, அப்புறம்?

ஒரு வாரம் பத்து நாளில் டிஸ்சார்ஜ். கையில் இங்கிலீஷில் ஒரு காகிதம், ஒரு பை மாத்திரை, 'நல்லா ரெஸ்ட் எடுங்க' என்று ஒரு வார்த்தை. அதற்கு மேல் பெண்டாட்டி பாடு.

பைபாஸ் என்றால் நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் கம்பி போட்டுக் கட்டுவது. அது நன்றாகக் கூட 6 முதல் 12 வாரம் வரை ஆகும். அதுவரை ஏறக்குறைய 5 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. நம் வீட்டுத் தண்ணி கேன் எத்தனை லிட்டர்? இருபது! கையை ஊன்றி எழுந்தால் எலும்பில் இழுவை விழும். ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே விட்டு, கட்டிலிலிருந்து எழவேண்டும். பாயில் படுக்கிற வீட்டுக்கு அந்தக் காகிதத்தில் என்ன பதில் இருக்கிறது? இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் எடை பார்க்கவேண்டும். ஓரிரு நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் தேங்கும் நீர். காய்ச்சல், காயத்தில் சீழ், நெஞ்சுக்குள் 'கடக்' என்று அசைகிற சத்தம்... இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

இதெல்லாம் அந்த அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னது வேறு. "கீறின உடம்பு, அசையவே கூடாது!" அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நுரையீரலில் சளி கட்டும். ஐந்து நிமிட நடையில் ஆரம்பித்து நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போவதுதான் வைத்தியம். காரணமே இல்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். ஆபரேஷனுக்குப் பின் நிறையப் பேருக்கு வருவதுதான். "ஆம்பளை அழுவலாமா" என்று அதையும் அமுக்கிவிடுவார்கள்.

இதெல்லாம் கைவைத்தியம் என்று நினைத்தால் தப்பு. முறையான உடற்பயிற்சியும் ஆலோசனையும் கொடுத்தால் இதய நோயால் சாவதும் திரும்ப ஆஸ்பத்திரியில் சேருவதும் குறைகிறது என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. அதை வீட்டிலேயே செய்தாலும் மையத்துக்குப் போய்ச் செய்வதற்கு ஈடாகப் பலன் இருக்கிறது என்பதும் அவற்றில் உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கு யோகாவை வைத்து இந்தியாவில் 24 மையங்களில் 3,959 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. உயிரிழப்பிலும் மறு மாரடைப்பிலும் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் பழைய வேலைகளுக்குத் திரும்புவது மேம்பட்டது. கோடி ரூபாய் மெஷின் எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது காசு கணக்கு. ஆயுஷ்மான் பாரத்தில் டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் செலவு உண்டு. எலும்போ 12 வாரம் கேட்கிறது. இ.எஸ்.ஐ. இருந்தால் 91 நாள் வரை 70 சதவீத சம்பளம், அதற்கும் குறிப்பிட்ட நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். கான்ட்ராக்டில் விட்டு விட்டு வேலை பார்ப்பவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். நீண்ட நோய்களுக்கான நீட்டிப்புப் பட்டியலில் இதய ஆபரேஷன் இருக்கிறது, ஆனால் 'சிக்கல்களோடு கூடிய' ஆபரேஷன்! சிக்கல் வராமல் வீட்டில் பார்த்துப் பார்த்துத் தேற்றினால் 92ஆம் நாள் லைனில் நிற்கவேண்டியதுதான். கூட இருந்து பார்த்துக்கொள்ள வேலையை விட்ட பெண்டாட்டியின் சம்பளம் எந்தக் கணக்கிலும் இல்லை. 'நம்ம ஊர்ல குடும்பம் பார்த்துக்கும்' என்று மார் தட்டுகிறவர்கள் இதற்குத்தான் தட்டுகிறார்கள். ஒருத்தியின் கூலியைப் பிடுங்கி அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

'எல்லாத்தையும் அரசாங்கமே செய்யுமா?' என்று கேட்பார்கள். பாதி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறதே! 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாக பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறது. அதில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். பைபாஸ் ஆனவர் பெயர் டிஸ்சார்ஜ் அன்றே அவர்கள் பட்டியலில் ஏறவேண்டும். 12 வாரம் வந்து பார்க்கவேண்டும். காகிதம் தமிழில் இருக்கவேண்டும். இ.எஸ்.ஐ. பட்டியலில் அந்த 'சிக்கல்களோடு' என்ற வார்த்தையை அடிக்கவேண்டும். கூட இருப்பவருக்கு ஒரு மாதக் கூலியாவது கொடுக்கவேண்டும்.

மணிமங்கலத்திலிருந்து சென்னை பெரியாஸ்பத்திரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முடிச்சூர் வழியாகத் தாம்பரம் வரை பஸ், அப்புறம் எலக்ட்ரிக் டிரெயின். கம்பி போட்ட நெஞ்சைக் கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் குலுங்கியபடி அவர் போகிறார். அதே தெருவில் பக்கவாதக்காரர் ஒருவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வருகிற இயன்முறை மருத்துவர் இன்னும் நாலு வீடு தள்ளி நடந்தால் போதும்.