ஆறுதலாய் ஊது, பிள்ளை!

இப்பகுதியைத் தவறாது வாசித்துவரும் தாயார் ஒருவர் சென்ற மாதம் எமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மகனுக்கு வயது 6; இரண்டாம் வகுப்பிற் படிக்கின்றான். விளையாட்டிலே தோற்றால் நிலத்தில் விழுந்து அழுவான். பென்சில் முறிந்தால் கொப்பியைக் கிழித்தெறிவான். “கோபம் வரும்போது ஆழமாக மூச்செடுத்து விடும்படி பிள்ளைக்குச் சொல்லுங்கள் என்று எல்லோரும் கூறுகிறார்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லச் சொல்ல அவனுக்குக் கோபம் இரட்டிப்பாகின்றது. இம்முறை எங்கள் பிள்ளைகளுக்குப் பொருந்தாதோ?” என்பது அவருடைய கேள்வி.

கடிதத்தை வாசித்தபொழுது எமக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே வெட்கமும் வந்தது. ஏனெனில், இதே பிழையை நாமும் எமது வீட்டிலே ஒரு தவணைக் காலம் முழுவதும் செய்திருக்கின்றோம்.

எம் இளைய மகள் மூன்றாம் வகுப்பிற் படித்த ஆண்டு அது. காலை ஏழு மணிக்குச் சப்பாத்தை எடுத்தவுடன் அழத் தொடங்குவாள். காரணம் கேட்டால் சொல்லமாட்டாள். கல்லூரியிலே வளர்ந்த மாணாக்கர் நாற்பது பேரை ஒரு பார்வையால் அடக்கும் எமக்கு, இந்த எட்டு வயதுச் சிறுமியை அடக்கத் தெரியவில்லை. கல்வி உளவியல் கற்றுப் பரீட்சையிலும் தேறியவரல்லவா நாம்? ஆகவே வாசற்படியில் நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, “அழாதே! மூச்சை நன்றாக இழு! இழுத்து விடு!” என்று கட்டளையிட்டோம். பிள்ளை இழுத்தாள், விடவில்லை. தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. முகம் சிவந்தது. பின்பு முன்னிலும் பெரிதாக அலறினாள். சில நாட்களில் ‘மூச்சு’ என்ற சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளலானாள். ஏச்சு, பேச்சு என்பவற்றோடு மூச்சும் அவளுக்கு ஒரு தண்டனையாயிற்று.

அத்தவணை விடுமுறையில் எம் மாமியார் ஊரிலிருந்து வந்து தங்கினார். அவர் உளவியல் படித்தவரல்லர். வேலியோரத்துப் பப்பாசி மரத்திலிருந்து ஓர் இலையை முறித்து, அதன் நீண்ட தண்டை இரு முனையிலும் வெட்டிக் குழலாக்கினார். தண்டின் பால் பிள்ளையின் வாயிற் படாதவாறு பலமுறை கழுவி, வெயிலிலே காயவிட்டார். (இளந் தாய்மார் இதனைக் குறித்துக் கொள்வாராக, அந்தப் பால் உதட்டைப் புண்ணாக்கும்.) ஒரு சிரட்டையிலே சவர்க்காரத் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொண்டு முற்றத்தில் பேத்தியோடு குந்தினார்.

பிள்ளை முதலில் வேகமாக ஊதினாள். குமிழி தோன்றுமுன்னரே உடைந்தது. மறுபடியும் ஊதினாள், மறுபடியும் உடைந்தது. அழுகை வரப்போகும் அறிகுறி உதட்டிலே தெரிந்தது. அம்மம்மா ஏசவில்லை, தாமே ஒரு குழலை எடுத்து மெல்ல ஊதிக் காட்டிவிட்டு, “ஆறுதலாய் ஊது, பிள்ளை” என்றார். பிள்ளை அவரைப் பார்த்தாள். அவரைப் போலவே ஊதினாள். குழல் முனையிலே ஒரு குமிழி மெல்லப் பருத்து, வானவில்லின் நிறமெல்லாம் காட்டி, முற்றத்தைக் கடந்து போயிற்று. நாம் மூன்று மாதமாகக் கட்டளையிட்டும் நடவாத ஆழ்ந்த மூச்சு அன்று பத்து நிமிடத்தில் இருபது தடவை நடந்தேறியது. அது மூச்சுப் பயிற்சி என்பது பிள்ளைக்கும் தெரியாது, அம்மம்மாவுக்குந் தெரியாது.

‘ஆறுதல்’ என்னுஞ் சொல்லை யாழ்ப்பாணத்தவராகிய நாம் நாடோறும் வழங்குகின்றோம். அதன் அருமையை எண்ணிப் பார்ப்பதில்லை. காய்ச்சிய பால் ஆறுகின்றது, புண் ஆறுகின்றது, கோபமும் ஆறுகின்றது. துயருற்றவருக்கு நாம் சொல்வது ஆறுதல். அவசரப்படாமல் வரும்படி ஒருவரைக் கேட்கும்போதும் ‘ஆறுதலாய் வாரும்’ என்கின்றோம். சூடு தணிதல், மனந் தேறுதல், மெதுவாதல் ஆகிய மூன்றும் ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஆத்திசூடியின் இரண்டாம் அடியிலே ஒளவையார் சினத்துக்கு எடுத்தாண்ட வினையும் இதுவே.

இம்மூன்றும் உடம்பிலும் ஒன்றாகவே நிகழ்கின்றன என்பதை வாசகர் தாமே சோதித்து அறியலாம். மணிக்கட்டிலே விரலை வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி சற்றே விரையும். மெல்ல வெளியே விடும்போது தளரும். இவ்வேற்றுமையைக் கருவி கொண்டு பதிவு செய்தவர் கார்ல் லுட்விக் என்னும் ஜெர்மானிய உடற்றொழிலியலறிஞர், ஆண்டு 1847. மூளையின் அடியிலிருந்து இருதயத்துக்கு இறங்கிவரும் ‘வேகசு’ என்னும் நரம்பு, குதிரைக்குக் கடிவாளம் போன்றது. உள்மூச்சிலே அக்கடிவாளம் தளர்கின்றது, வெளிமூச்சிலே இறுகுகின்றது. ஆகவே பிள்ளையின் பதற்றத்தைத் தணிப்பதிலே இழுக்கும் மூச்சினும் விடும் மூச்சுக்கே பங்கு அதிகம். ‘இழு, இழு’ என்று நாம் வாசற்படியிலே முழங்கியது எவ்வளவு அறியாமை என்பது இப்பொழுது விளங்குகின்றதல்லவா?

இன்னுமொன்று. கோபங் கொண்ட பிள்ளையை நோக்கி ‘இருதயமே, மெதுவாக ஓடு’ என்று கட்டளையிடச் சொல்வதாற் பயனில்லை. வியர்வைக்கும் வயிற்றுக்கும் கட்டளை செல்லாது. தானாகவும் நடந்து, நாம் நினைத்தபடியும் நடக்கக்கூடிய உட்டொழில் மூச்சு ஒன்றே. தொட்டிலில் உறங்கும் குழந்தையைப் பாருங்கள்: நெஞ்சு அசைவது சிறிது, வயிறு ஏறி இறங்குவதே பெரிது. நெஞ்சறைக்குக் கீழுள்ள பிரிமென்றகடு செவ்வையாய்த் தொழிற்படுவதன் அடையாளம் அது. பயமும் கோபமும் வரும்போது அவ்வழக்கம் மாறி, மூச்சு மேல்நெஞ்சில் நின்று துடிக்கின்றது. நாம் கற்பிப்பது புதிய வித்தையன்று. பிள்ளை தொட்டிலில் அறிந்திருந்ததை நினைவூட்டுவதேயாம்.

அமெரிக்காவிலே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதனோடு ஒத்துப்போகின்றது. ஏழு வயதை அண்டிய பிள்ளைகள் 342 பேர் அதிற் பங்குபற்றினர். அமைதியான ஆய்வுகூடத்திலன்று, விளையாட்டுத் திடலிலும் சிறுவர் நூதனசாலையிலும் விடுமுறை முகாமிலும் அது நடைபெற்றது. ஒரு நிமிடம் ஓடும் சித்திரப்படம் ஒன்றைப் பார்த்துச் சில பிள்ளைகள் பூவை முகர்வது போல் மூச்செடுத்து, மெழுகுவர்த்தியை அணைப்பது போல் விட்டார்கள். மொத்தம் நான்கே மூச்சு! அதற்குள் அவர்களுடைய இருதயத் துடிப்புத் தணிந்தது. மூச்சைப்பற்றி ஒன்றுங் கூறாத வேறு படத்தைப் பார்த்த பிள்ளைகளிடம் அம்மாற்றம் காணப்படவில்லை. நான்கு மூச்சுக்கு வேண்டிய நேரம் எந்த வீட்டிலும் இருக்கின்றது.

எமது மண்ணைத் தொட்ட ஆய்வொன்றும் உண்டு. போரும் 2004 ஆம் ஆண்டு மார்கழிக் கடற்கோளும் சேர்ந்து வாட்டிய வடகிழக்குக் கரையோரத்திலே, பெரும் அச்சத்தால் நோயுற்ற 8 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் 31 பேருக்கு, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு அமர்வுகளிலே உதவினர். ஒரு சாராருக்குத் தாம் பட்டதைக் கதையாகச் சொல்ல இடங் கொடுத்தனர். மறுசாராருக்கு உடலையும் மனத்தையும் தளர்த்தும் தியானப் பயிற்சி அளித்தனர். 2008 இல் வெளியான முடிபின்படி, ஆறு மாதங்களின் பின் இரு சாராரிலும் பெரும்பான்மையோர் தேறியிருந்தனர். தொகை சிறியது, ஆகவே இதனை வைத்துப் பெரிதாக முழங்குதல் தகாது. ஆயினும், சொல்ல இடங் கொடுத்தலும் அமைதி பழக்குதலும் பிள்ளைக்கு உதவும் இரு வழிகள் என்பதை எம் மனம் பற்றிக்கொண்டது. பெற்றாராகிய நாம் பெரும்பாலும் பின்னதை மட்டும் விரும்புகின்றோம். பிள்ளை அமைதியானால் போதும். அது என்ன சொல்ல வந்தது என்பது எமக்கு வேண்டியதில்லை!

கடிதம் எழுதிய தாயாருக்கு நாம் கூறக்கூடியது இதுதான். மகன் கோபமுற்றிருக்கும்போது கற்பிக்க முயலாதீர்கள். நீந்தத் தெரியாதவனுக்குச் சுழியில் வைத்தா நீச்சல் பழக்குவது? மாலையில் அவன் மகிழ்ந்திருக்கும்போது விளையாட்டாகத் தொடங்குங்கள். பப்பாசித் தண்டு கிடையாவிடின் பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ செய்து கொடுங்கள். ஒரே மூச்சில் எவர் நீளமாக ஊதுகிறார் என்று போட்டி வையுங்கள். கூழோ கஞ்சியோ குடிக்கும்போது, தெறிக்காமல் ஊதி ஆற்றச் சொல்லுங்கள். சுவாமி படத்துக்கு வைக்கும் மல்லிகையை முகரச் சொல்லி, உங்கள் விரல்களையே மெழுகுவர்த்திகளாக நீட்டுங்கள். மெய்யான சுடர் வேண்டாம். எதைச் செய்தாலும் நீங்களும் கூடச் செய்யுங்கள். சில கிழமைகளின் பின், அவன் முகம் சிவக்கத் தொடங்கும் வேளையில் ஒரு விரலை நீட்டினால் போதும். கோபம் முற்றிவிட்டதாயின் ஒன்றும் பேசாமல் அருகில் இருந்து, உங்கள் மூச்சை நீங்கள் ஆறுதலாய் விடுங்கள். அதுவே கடினம் என்பதை அனுபவத்தால் அறிவோம்.

மூச்சை உள்ளே அடக்கச் சொல்லவேண்டாம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே திருமூலர் கூறும் பிராணாயாமம், முதிர்ந்தோர் குருவை அடுத்துப் பயில்வது. அதன் கணக்குகளைச் சிறு பிள்ளைகளின் தலையில் ஏற்றும் ஆர்வம் சிலரிடம் காணப்படுகின்றது. எமக்கு அதில் உடன்பாடில்லை. விரைவாகப் பல தடவை ஊதினால் இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டுக் குறைந்து தலைசுற்றும். நான்கைந்து மூச்சோடு நிறுத்துக. தொய்வு நோயுள்ள பிள்ளையானால் வைத்தியரைக் கேட்ட பின்னரே தொடங்குக.

எம் மகளின் கதையை முடிக்காமல் விட்டோம். குமிழி விளையாட்டுத் தொடங்கி ஒரு கிழமை சென்றிருக்கும். ஒருநாள் மாலை அம்மம்மாவுக்குத் தலைவலி. ஆகவே நாம் போய் முற்றத்தில் குந்தினோம். எமக்குக் குமிழி வரவில்லை. பிள்ளைக்கு அது பெருஞ் சிரிப்பு. “ஆறுதலாய் ஊதுங்கோ, அப்பா” என்று எமக்கே பாடம் நடத்தினாள். சிறிது நேரம் இருவரும் பேசாமல் ஊதிக்கொண்டிருந்தோம். திடீரென்று, குழலை வாயிலிருந்து எடுக்காமலே, “அப்பா, பலகையில எழுதிறது எனக்குத் தெரியிறேல்லை” என்றாள்.

பின்வரிசையில் இருந்த பிள்ளைக்கு எழுத்துகளெல்லாம் புகையாகத் தெரிந்திருக்கின்றன. பார்த்தெழுத முடியாததைச் சோம்பல் என்று வகுப்பிலே ஏசியிருக்கின்றார்கள். வீட்டிலே நாம் பிடிவாதம் என்று ஏசினோம். மூன்று மாதமாக ஒவ்வொரு காலையும் அவள் அழுதது அதற்காக. அடுத்த சனிக்கிழமை கண் வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம், கிட்டப்பார்வை என்றார். மூக்குக்கண்ணாடி போட்டு வெளியே வந்ததும், தெருவின் மறுபுறத்திலிருந்த கடைப் பலகைகளையெல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே நடந்தாள். நாம் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

தாயார் அவர்களே, உங்கள் மகன் ஏன் தோல்வியைப் பொறுக்கமாட்டான் என்பது எமக்குத் தெரியாது. ஒருவேளை அவனுக்கும் இன்னும் தெரியாதிருக்கலாம். ஒரு மாதம் அவனோடு குந்தியிருந்து ஊதிவிட்டு மறுபடியும் எழுதுங்கள். பப்பாசித் தண்டு தேடிக் கிடையாவிடின் அதையும் எழுதுங்கள். எம் வேலியோரத்து மரம் இன்னும் நிற்கின்றது.