மேனி மினுக்கும் பசு



சென்ற மாட்டுப் பொங்கலன்று, தங்கள் மாட்டுக் கொட்டிலை மந்திரிக்க வேண்டுமென்று ஒரு வீட்டார் என்னை அழைத்திருந்தனர். புதிதாய் வாங்கிய கறவைப் பசுவுக்கு ஊசி போட்டுக் காசநோய் உண்டா என்று பார்த்துவிடலாம் எனக் கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தாராம். வீட்டு அம்மாள் கலங்கிப்போயிருந்தார். "சாமி, மடி நிறையப் பால் கறக்கிறது, மேனி மினுமினுக்கிறது. இதற்கு என்ன நோய் வந்திருக்கப் போகிறது?" என்றார். இதே கேள்வியைக் கேட்டு அமெரிக்க நாட்டில் குடியானவர்கள் தடியெடுத்த வரலாறு எனக்கு நினைவு வந்தது.

மாட்டுக் காசநோய் கபடமானது. நுரையீரலில் நோய் குடிகொண்ட பசுவும் நெடுங்காலம் கொழுத்துத் திரியக்கூடும். அதன் பாலைக் காய்ச்சாது அருந்தும் குழந்தைக்கோ கழுத்திலே கழலைகள் புறப்படும். எலும்பும் மூட்டும் கெடும். ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1890-இல் டியூபர்குலினைக் காசநோய்க்கு மருந்தென்றே வெளியிட்டார். மருந்தாக அது தோற்றது. மறைந்திருக்கும் நோயைக் காட்டிக்கொடுக்கும் கருவியாக நிலைத்தது. அதே அறிஞர் 1901-இல் லண்டன் மாநாட்டிலே, மாட்டின் நோயால் மனிதருக்கு அத்துணை அபாயமில்லை என்றும் உரைத்தார். இதை ஆராய இங்கிலாந்தில் அமைந்த அரச ஆணைக்குழு பத்தாண்டு உழைத்து, அபாயம் மெய்யே என 1911-இல் முடிவு கூறிற்று. மேதைகளும் இடறுவதுண்டு.

சோதனை எளியது. வாலடியில் உள்ள தோல் மடிப்பில் சில துளி மருந்தை ஏற்றுவர். 72 மணி நேரம் கழித்து வந்து, அவ்விடத்தை விரலால் தடவிப் பார்ப்பர். தடித்திருந்தால் ஐயம் உறுதியாகும். அமெரிக்காவில் 1917-இல் இவ்வொழிப்புத் திட்டம் தொடங்கியபோது ஏறத்தாழ இருபது மாடுகளில் ஒன்றுக்கு நோய் இருந்தது. அகப்பட்ட மாட்டின் தாடையில் 'டி' என்ற எழுத்தைச் சூடிட்டு வெட்டுக்கு அனுப்பினர். உரியவருக்கு விலையில் ஒரு பகுதியே ஈடாகக் கிடைத்தது. ஆண்டுக்கொரு முறையாக இருமுறை சோதித்து ஒன்றும் அகப்படாத மந்தைக்கு நோயற்றது என்ற சான்றிதழ் வழங்கினர். சான்றிதழ் உள்ள இடத்தில் சூழ்ச்சியும் உண்டல்லவா? முன்னதாகவே இரகசியமாய் மருந்தை ஏற்றிவிட்டு, அரசாங்க ஊசிக்கு மாடு வீங்காதபடி செய்தவர்களும் இருந்தனர்!

அயோவா மாநிலத்துச் சீடார் வட்டாரத்தில் 1931-ஆம் ஆண்டு எதிர்ப்பு மூண்டது. ஊசியால் பசு கன்றை ஈனாது கருச்சிதையும் என்ற வதந்தி பரவியது. மஸ்கட்டீன் நகரிலிருந்து கே.டி.என்.டி. வானொலியை நடத்திய நார்மன் பேக்கர் என்பவர் சோதனைக்கு எதிராக முழங்கினார். வதந்தியை நான் ஆதரிக்கவில்லை. ஆயினும் அக்குடியானவர்களின் மனக்குறையை வெறும் அறியாமை என்று தள்ளவும் மனம் ஒப்பவில்லை. விளைபொருள் விலை அடியோடு சரிந்திருந்த காலம் அது. நோயென்று பறித்த மாட்டின் இறைச்சியில் ஒரு பகுதியைப் பரிசோதகர்கள் உண்ணத்தக்கதென விடுவிக்க, அது கடையில் விலைபோனது. "நோயுள்ளதாயின் விற்பதேன்? நோயில்லையாயின் பறிப்பதேன்?" என்று அவர்கள் கேட்டனர். நோய் ஓரிடத்தில் ஒதுங்கியிருந்தால் எஞ்சிய இறைச்சியால் தீங்கில்லை என்பதே விடை. அதைப் பொறுமையாய் எடுத்துரைத்தவர்கள் போதவில்லை போலும்.

செப்டம்பர் மாதத்தில் சோதிக்க வந்த அலுவலரையும் காவலரையும் நூற்றுக்கணக்கானோர் கூடி விரட்டினர். ஆளுநர் டான் டர்னர் படையை அனுப்பினார். படைவீரர் காவல் நிற்க, மாடுகளுக்கு ஊசி ஏறிற்று. 1940-ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்நாட்டின் எல்லா வட்டாரங்களிலும் நோய் நூற்றுக்கு அரைக்கும் கீழே இறங்கியது. அதற்குள் வெட்டுண்ட மாடுகள் ஏறத்தாழ 40 இலட்சம்.

நம் நாட்டில் அவ்வாறு சோதித்து வெட்டும் திட்டம் இல்லை. பல மாநிலங்களில் பசுவை வெட்டச் சட்டமும் இடந்தராது. பாலைப் பொங்கக் காய்ச்சும் பழக்கமே நம் குழந்தைகளுக்கு அரண்.

"வீங்கிவிட்டால் என் கடனை யார் கட்டுவது, சாமி?" என்று கேட்டார் அம்மாள். அதற்கு என்னிடம் விடையில்லை. பசுவைத் தனியே கட்டும்படியும், காய்ச்சாத பாலை எவருக்கும் கொடுக்காதபடியும் மட்டும் சொல்லி வந்தேன்.

ஊசி போட்ட மூன்றாம் நாள் மருத்துவர் தடவிப் பார்த்தார். தடிப்பில்லை. அன்று மாலை பங்கு இல்லத்துக்கு ஒரு செம்பு பால் வந்தது. காய்ச்சியே அனுப்பியிருந்தார்.