தடை கட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு வேலை

பரணில் கிடக்கும் பழைய ரிக்கார்டு பிளேயர் பாடவில்லை என்றால் நம் ஊர்களில் அதற்கு இரண்டே முடிவுதான். பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விடும். இல்லையேல் முன் அறையில் பூச்சாடி வைக்கும் பலகையாக நின்றுவிடும். பிரித்துப் பார்த்தால் பல பெட்டிகளில் மோட்டார் நன்றாகவே இருக்கும், ஆம்பிளிஃபயரும் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போயிருப்பது ஊசியைத் தாங்கி நிற்கும் ஒரு சாண் நீளக் கை மட்டுமே. டோன் ஆர்ம் என்று அதற்குப் பெயர். நாம் இங்கே கை என்றே எழுதுகிறோம்.

வணிகர் சங்க இதழில் பாட்டுப் பெட்டிக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். விற்பதற்கு மட்டும் மதிப்பு, பழுது பார்ப்பதற்கு மதிப்பில்லை என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் எவ்வளவு தவறானது என்பதை இந்தக் கையை வைத்துச் சொன்னால் சுலபமாக விளங்கும் என்பதால் எழுதுகிறோம்.

ரிக்கார்டும் ஒரு காலத்தில் நம்மைப் போன்ற வியாபாரிகள் கைமாற்றிய சரக்குதான். கிராமபோன் கம்பெனி 1901-ல் கல்கத்தாவில் கிளை திறந்தது. முதலில் இங்கே பதிவு செய்த பாட்டு ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போய்த் தட்டாகத் திரும்பி வந்தது. 1908-ல் சியால்தாவில் தட்டு அச்சிடும் ஆலை ஏற்பட்டது. 1928-ல் டம்டமில் பெரிய ஆலை வந்தது. தட்டுக்கு வேண்டிய அரக்கோ நம் நாட்டுக் காடுகளில் கிடைத்த சரக்கு. காரைக்குடியில் தந்தையாரின் கடையில் தட்டு விற்ற ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1932-ல் சென்னையில் கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி ஒடியன் முத்திரைத் தட்டுகளை வெளியிட்டார். ஏ.வி.எம். என்ற படநிறுவனம் 1945-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் அவர் தட்டு வியாபாரி.

நமது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் வீடுகளில் நாகூர் ஹனிபாவின் தட்டு ஒரு பக்கம், உருது கவ்வாலித் தட்டு ஒரு பக்கம். வேலூர்க் கடைவீதிப் பக்கம் சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாடல்கள். கல்யாண வீட்டில் மைக் செட்காரர் வந்து முதல் தட்டை வைத்தால்தான் தெருவுக்கே கல்யாணம் என்று தெரியும். தோல் விற்ற காசில் வாங்கிய ரேடியோகிராம் பெட்டிகள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. தட்டுகளும் இருக்கின்றன. பாடத்தான் வழியில்லை.

இனி அந்தக் கைக்கு வருவோம். அது என்ன பொருள் என்று எலக்ட்ரானிக்ஸ் படித்தவரைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார். வியாபாரி பார்வையில் அது ஒரு தராசுக்கோல். நடுவில் ஒரு தாங்குமுனை. முன்பக்கம் ஊசியும் அதைப் பிடித்திருக்கும் கார்ட்ரிஜும். பின்பக்கம் திருகி முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஓர் எடைக்கல். எண்ணெய் விற்றவர்களுக்குத் தெரியும், பாத்திரத்தைத் தட்டில் வைத்ததும் முதலில் தடை கட்டுவோம். பிறகுதான் சரக்கை நிறுப்போம். இங்கேயும் அதே கணக்குத்தான். பின் எடையை நகர்த்தித் தடை கட்டினால் கை மேலும் போகாமல் கீழும் விழாமல் காற்றில் சமமாக நிற்கும். அதன் பிறகு ஊசிக்கு வேண்டிய கிராமை மட்டும் முன்பக்கம் கூட்ட வேண்டும்.

எத்தனை கிராம்? காந்த வகைக் கார்ட்ரிஜ் என்றால் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டரை கிராம். எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற தூக்குப்பெட்டிகளில் வந்த செராமிக் வகை என்றால் நான்கிலிருந்து ஆறு கிராம் வரை. கூடினால் தட்டின் பள்ளம் தேய்ந்துபோகும். குறைந்தால் நல்லதுதானே என்று நினைப்பவர் உண்டு. அது கூடுவதைவிடக் கெடுதல். எடை போதாத ஊசி பள்ளத்தின் சுவரில் முட்டி முட்டிக் குதித்துத் தட்டையே கிழித்துவிடும். எடை குறைந்தாலும் குற்றம், கூடினாலும் குற்றம் என்பது நமக்குப் புதிய பாடமா என்ன? சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோனின் கதை தனி. அதில் கனமான தலை, எஃகு ஊசி, பக்கத்துக்கு ஓர் ஊசி மாற்ற வேண்டும். அது அரக்குத் தட்டுக்காகச் செய்தது. 1948-ல் வந்த எல்.பி. தட்டை அதில் வைத்தால் ஒரே ஓட்டத்தில் தட்டு பாழ்.

பெட்டி ஓடாதபோது நம் வீடுகளில் செய்த வைத்தியம் எல்லோருக்கும் நினைவிருக்கும். கைத்தலையின் மேல் ஒரு நாலணாவை வைத்து நூலால் கட்டுவது. அந்தக் காலத்து நிக்கல் நாலணா 2.5 கிராம். ஒரு நாணயம் வைத்த மாத்திரத்தில் ஊசியின் பாரம் வெகுவாகக் கூடிவிடும் என்று யாரும் யோசித்ததில்லை. பாட்டு குதிக்காமல் ஓடியது, அது போதும் என்று இருந்தோம். நாலணா 2011 ஜூன் மாதத்தோடு செல்லாததாகிவிட்டது. அது தேய்த்துவிட்டுப் போன தட்டுகள் மட்டும் அலமாரியில் இருக்கின்றன.

உண்மையில் குதிப்பதற்குக் காரணம் பல சமயம் எடைக் குறைவாக இருப்பதில்லை. கை தாராளமாக நகர முடியாமல் எங்கோ பிடிக்கிறது என்று அர்த்தம். தானாகத் தட்டு மாற்றும் சேஞ்சர் வகைகளில், சுழல்தட்டுக்கு அடியில் கம்பெனி வைத்த கிரீஸ் வருடக்கணக்கில் இறுகி மெழுகாகிவிடும். அதைச் சுரண்டிக் கழுவி, புதிதாக மிகக் கொஞ்சமாக வைத்தால் பாதி நோய் தீர்ந்தது. கையின் தாங்குமுனையில் தூசி படிந்து இறுகியிருக்கும், அல்லது எப்போதோ கீழே விழுந்து ஆட்டம் கண்டிருக்கும். ஆட்டம் இருந்தால் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று பார்த்துப் பார்த்து இறுக்க வேண்டும். ஒரு மயிரிழை அதிகம் இறுக்கினால் கை நகராது. விட்டால் பாட்டு நடுங்கும். இதில் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் அதிகம். பல கைகளுக்கு முனையில் எண்ணெயே வேண்டாம், சுத்தம் போதும். தேங்காய் எண்ணெய் விட்ட கையைக் கழுவுவதற்குள் மெக்கானிக்குக்குப் பாதி நாள் போய்விடும்.

ஒரு பக்க ஒலிபெருக்கி மட்டும் பேசினால் கைக்குள் ஓடும் கம்பியைப் பார்க்க வேண்டும். ஸ்டீரியோக் கையில் நான்கு கம்பிகள். வலப்பக்கத்துக்குச் சிவப்பும் பச்சையும், இடப்பக்கத்துக்கு வெள்ளையும் நீலமும் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். தலைமயிர் போன்ற கம்பி. நாற்பது வருடம் வளைந்து வளைந்து தாங்குமுனை அருகே அறுந்திருக்கும். புதிய கம்பியைக் குழலுக்குள் இழுத்துக் கொண்டுவர வேண்டும். கார்ட்ரிஜ் மாட்டியிருக்கும்போது அதன் முனையில் நேராகப் பற்றவைத்தால் உள்ளே இருக்கும் சுருளே போய்விடும். பற்றவைக்கும் வேலையைக் கழற்றி வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பின் எடையைக் கோலோடு சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் தொங்கிப்போவதும் உண்டு. எடை சாய்ந்து நிற்கும். எவ்வளவு திருகினாலும் தடை கட்ட முடியாது. ஆறு ரூபாய் ரப்பர் வளையத்துக்காக முழுப் பெட்டியும் குப்பைக்குப் போகிறது.

இவ்வளவும் முடிந்த பிறகு ஊசி எடையை நிறுக்க வேண்டும். அதற்கு இப்போது நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு போதும். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும். விலை சில நூறு ரூபாய்தான்.

இந்த வேலைக்கு ஆள் எங்கே என்று கேட்கிறார்கள். நமது தோல் வட்டாரத்தில் கேட்கக்கூடாத கேள்வி இது. ஷூவின் அப்பருக்கு வரும் தோல் 1.2 மில்லிமீட்டரா 1.4 மில்லிமீட்டரா என்று கேஜை வைத்துப் பார்த்து, பத்தில் ஒரு மில்லிமீட்டருக்காக லாட்டைத் திருப்பி அனுப்புகிற ஊர் நம்முடையது. ஷேவிங் மெஷினின் கத்தியைச் சரிசெய்கிறவர், தையல் மெஷினில் ஊசியும் கொக்கியும் சந்திக்கும் இடத்தைக் காதால் கேட்டே சொல்கிறவர், ஸ்கைவிங் மெஷினின் வட்டக் கத்தியைச் சாணை பிடிக்கிறவர், இவர்கள் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கிறார்கள். அந்தக் கைக்கு வேண்டிய நிதானம் இவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சொல்லிக் கொடுக்க வேண்டியது கம்பியின் நிறமும் கிராம் கணக்கும்தான்.

குறை நம்மிடம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக், பகலில் தொழிற்சாலை மெஷின்களைப் பார்ப்பவர், மாலையில் ஒரு ரேடியோகிராமின் கையைப் பிரித்துக் கம்பி மாற்றி இரண்டு மாலைப் பொழுதில் பாட வைத்தார். எண்ணூறு ரூபாய் கேட்டார். பெட்டிக்காரர் நம்மவர்தான், நல்ல வியாபாரி. "என்னய்யா சாமான் போட்டே? நாலு கம்பி. இதுக்கா எண்ணூறு?" என்றார். ஐந்நூறு கொடுத்தார். அந்த மெக்கானிக் அதற்குப் பிறகு பாட்டுப் பெட்டி என்றாலே நேரமில்லை என்கிறார். அவர் மகன் பெங்களூரில் வேறு வேலைக்குப் போய்விட்டான். சாமானுக்குத் தனி விலை, கூலிக்கு இனாம் என்று நாம் போட்டு வைத்திருக்கிற கணக்கின் பலன் இது. இன்று பாட்டுப் பெட்டிக்கு நேர்ந்தது நாளைக்குத் தோல் மெஷினுக்கு நேராது என்று யார் ஜாமீன் நிற்பார்கள்? வெளிநாட்டு மெஷினுக்குக் கம்பெனி ஆள் சென்னையிலிருந்து வரும்போது, வந்துபோகும் செலவையும் சேர்த்து மறுபேச்சில்லாமல் எண்ணி வைக்கிறோம். அதே வேலையைப் பக்கத்துத் தெருக்காரர் செய்தால் பேரம் பேசுகிறோம்.

உதிரி பாகம் விஷயத்துக்கு வருவோம். உலகத்தில் இந்தத் தொழில் செத்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் 2020-ல் ரிக்கார்டு விற்பனைத் தொகை சி.டி.யைத் தாண்டியது; 1980-களின் மத்திக்குப் பிறகு அதுவே முதல் தடவை. 2022-ல் எண்ணிக்கையிலும் தாண்டியது. கைகளுக்கே பேர்போன இங்கிலாந்துக் கம்பெனி எஸ்.எம்.இ., மாதிரி உருக்களுக்கான சிறு பாகங்கள் செய்யத் தொடங்கிப் பிறகு ரிக்கார்டுக் கைக்கு வந்தது. அதை 2016-ல் வாங்கியது நம் இந்தியத் தொழிலதிபர் அஜய் ஷிர்கேயின் கேடன்ஸ் குழுமம். பழைய கேரார்டு பெயரையும் 2018-ல் அவர்களே வாங்கினார்கள். கையைத் தனியாக விற்பதை எஸ்.எம்.இ. 2019 கடைசியில் நிறுத்திக்கொண்டது. முழுப் பெட்டியாக வாங்கினால்தான் கை என்றார்கள். அவர்கள் கணக்கு அவர்களுக்கு. ஆனால் பாகத்தை நிறுத்தினால் பழைய கைகளின் விலை ஏறும், பழுது பார்ப்பவரின் மதிப்பும் ஏறும் என்பது மொத்த வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதில் போலிச் சரக்கும் புகுந்துவிட்டது. பித்தளைக் குழல் வைத்துப் பளபளவென்று 'பழைய கிராமபோன்' என்று விற்பதில் கணிசமானவை வட இந்தியாவில் புதிதாகக் கூட்டிச் செய்தவை. வேறு வேறு பெட்டியின் மோட்டார், தலை, கை எல்லாம் ஒட்டிய கலவை. கை வந்து விழும் கோணமே சரியாக இருக்காது. புதிது என்று சொல்லி அலங்காரப் பொருளாக விற்றால் குற்றமில்லை. பழையது என்று பில் போட்டால் அது எடைக்கல்லைக் குடைந்து வைப்பதற்குச் சமம்.

பழுது பார்க்கும் உரிமை பற்றி மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகியவை அதன் கணக்கில் வருகின்றன. நல்ல காரியம். ஆனால் கம்பெனிகள் பாகத்தையும் வரைபடத்தையும் கொடுக்க வேண்டும் என்று அந்த முயற்சி பேசுகிறதே தவிர, பக்கத்துத் தெரு மெக்கானிக்குக்கு நியாயமான கூலி கொடு என்று எந்தத் துறையும் நமக்குச் சொல்லப்போவதில்லை.

தேவை குறைவு, ஊசியும் ரப்பரும் வாங்கி வைத்தால் முடங்கிப்போகும் என்பது கடைக்காரர்கள் சொல்லும் நியாயம். ஒரு கடைக்கு அது சரி. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டக் கடைகளுக்கும் சேர்த்து ஒரே ஒருவர் வைத்திருந்தால் முடங்காது. செராமிக் கார்ட்ரிஜ், ஊசி, கைக்கம்பி, சுழல்தட்டை ஓட்டும் ரப்பர் சக்கரம், பெல்ட் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு அலமாரித் தட்டுக்கு மேல் இடம் பிடிக்காது. மெக்கானிக் கேட்கும்போது மொத்த விலைக்குக் கொடுக்கட்டும். வாடிக்கையாளர் கேட்டால் மெக்கானிக்கின் முகவரியையும் சேர்த்துக் கொடுக்கட்டும். பில்லில் சாமான் ஒரு வரி, கூலி ஒரு வரி என்று தனித்தனியாக எழுதும் வழக்கமும் வரட்டும். கூலி கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதைக் குறைக்கக் கூச்சம் வரும்.

சங்கத்தின் வருட டைரியில் தோல் மண்டி, கெமிக்கல், ஷூ சாமான், ஜவுளி, மளிகை என்று எல்லாருக்கும் பக்கம் இருக்கிறது. பழுது பார்ப்பவர்களுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. தையல் மெஷின், தராசு, மோட்டார், கடிகாரம், ரேடியோ, ரிக்கார்டு பிளேயர் என்று தொழில்வாரியாக அவர்கள் பெயரைச் சந்தா கேட்காமல் அடுத்த டைரியில் அச்சிட வேண்டும் என்று நிர்வாகக் குழுவைக் கேட்டுக்கொள்கிறோம். தெரிந்த மெக்கானிக்குகளின் பெயரை, அவர்கள் சம்மதம் கேட்டுக்கொண்டு, உறுப்பினர்கள் டைரி அச்சுக்குப் போவதற்குள் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.