புதிய உறுப்பினரை நாம் அறிவோமா?

தேர்தல் முடிந்து, மாலையும் மேளமுமாகப் புதிய சட்டமன்ற உறுப்பினர் நம் தெருவழியே வருகிறார். அவரை நாம் எவ்வளவு அறிவோம்?

உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புகளால் வேட்பாளரின் கல்வி, சொத்து, கடன், குற்ற வழக்குகள் யாவும் உறுதிமொழிப் பத்திரத்தில் நம் பார்வைக்கு வந்துவிட்டன. தேர்தல் செலவுக் கணக்கையும் முடிவு வெளியான 30 நாட்களுக்குள் அவர் ஒப்படைத்தாக வேண்டும். தமிழகத்தில் அச்செலவின் உச்சவரம்பு 2022இல் 40 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆனால் கட்சி செய்யும் பொதுப் பிரசாரச் செலவிற்கு வரம்பே இல்லை!

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. சட்டமன்றத்தில் அவர் எப்படி வாக்களித்தார்? பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. 'ஆம்' என்றவர் யார், 'இல்லை' என்றவர் யார் என்பது ஏட்டில் ஏறுவதில்லை. கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தால் 1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவியே பறிபோகலாம்.

அவர் வீட்டு நகையின் எடை நமக்குத் தெரிகிறது. நம் பெயரால் அவர் அளித்த வாக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு மசோதாவிற்கும் பெயர்வாரியாக வாக்கைப் பதிவு செய்து வெளியிட வேண்டும் என்பேன். வாக்களிக்கும் குடிமகனுக்கு இரகசியம் உரிமை. வாக்கைப் பெற்றவருக்கும் அது உரிமையாகுமா? மாணவ நண்பர்களே, சிந்திப்பீர்!